மென்பொருள் நேர்காணல் என்னும் மனப்பாடப் போட்டி

மென்பொருள் வேலையில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. சம்பளம் வாங்கும் வேலையின் பகுதியாக, ஒரு பைனரி ட்ரீயைக் கடைசியாக எப்போது இடம் வலமாகத் திருப்பினீர்கள்? ஒரு லிங்க்ட் லிஸ்ட்டை எப்போது பின்னிருந்து முன்னாகக் கோத்தீர்கள்? பெரும்பாலானவர்களின் பதில் "எப்பவும் இல்ல" என்பதாகத்தான் இருக்கும். சரி, அடுத்த கேள்வி. நேர்காணல் எடுக்க உட்கார்ந்தபோது, எதிரில் இருந்தவரிடம் இதைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? "போன வாரம்."

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதில் நல்ல ஆட்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். விழுந்தவர்களைப் பார்த்து "திறமை பத்தலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம்.

துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ட்ரீ, லிஸ்ட், கிராஃப் எல்லாம் கணினியின் நினைவகத்தில் தரவுகளை அடுக்கி வைக்கும் முறைகள். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் படிப்போம். வேலைக்கு வந்தபிறகு இவற்றை நாம் எழுதுவது அபூர்வம். யாரோ நன்றாக எழுதி, பல ஆண்டுகள் பல பேர் சோதித்த நூலகங்களிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறோம். எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நேர்காணலில் கேட்பது அதை அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, 45 நிமிடத்துக்குள், இதுவரை பார்த்திராத ஒரு புதிரை இந்த அமைப்புகளை வைத்து விடுவிக்க வேண்டும். "இதுவரை பார்த்திராத" என்பது ஒரு பாவனை. பார்த்திருக்காவிட்டால் பெரும்பாலும் விடுவிக்க முடியாது. கேட்பவருக்கும் அது தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பார்த்தவர், அப்போதுதான் தோன்றியதுபோல நெற்றியைச் சுருக்கி நடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

நம் வேலைதான் என்ன? என் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். திங்கள்கிழமை, நான்கு வருடங்களுக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிய நிரலைப் படித்து, அந்த இடத்தில் ஏன் முப்பது நொடி காத்திருக்கச் சொன்னார் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். செவ்வாய், "ரிப்போர்ட் மெதுவா வருது" என்ற ஒற்றை வரிப் புகாரை வைத்துக்கொண்டு எந்த ரிப்போர்ட், யாருக்கு, எப்போதிலிருந்து என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். கடைசியில் டேட்டாபேஸில் ஓர் இன்டெக்ஸ் இல்லாததுதான் காரணம். புதன், டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் எழுதியதைப் படித்து, அவன் மனசு நோகாமல் மூன்று திருத்தம் சொன்னேன். வியாழன், கேட்கப்பட்ட ஒரு வசதியை இந்த மாதம் செய்யக் கூடாது என்று வாதாடினேன். வெள்ளி, புரொடக்ஷனில் ஏதோ உடைந்தது; லாக் கோப்புகளைத் துழாவினேன். ஐந்து நாளில் புதிதாக எழுதிய நிரல் ஐம்பது வரி தேறினால் அதிகம்.

படிப்பது, விசாரிப்பது, சந்தேகப்படுவது, கோளாறின் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போவது, எடுத்துச் சொல்வது. இதுதான் வேலை. இதில் ஒன்றையாவது நம் நேர்காணல் சோதிக்கிறதா? நாம் சோதிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: நேர்காணலுக்குத் தயாராக அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்ட் புதிர்களுக்குப் பேர்போனது. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, ஃபூஜி மலையை எப்படி நகர்த்துவீர்கள் என்ற ரகம். அதைப் பற்றி வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2003-இல் ஒரு புத்தகமே எழுதினார். கூகுளும் அதே வழியில் கொஞ்ச காலம் போனது. பிறகு 2013-இல் கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் இந்தப் புதிர்களெல்லாம் முழு நேர விரயம் என்று போட்டு உடைத்தார். வேலையில் எப்படி இருப்பார் என்பதை அவை எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் உதவின என்றார். சாக்கடை மூடி போனது. அதன் இடத்தில் அல்காரிதம் புதிர் உறுதியாக உட்கார்ந்துகொண்டது. கேயில் லாக்மன் மெக்டொவெல்லின் 'கிராக்கிங் த கோடிங் இன்டர்வியூ' 189 கேள்விகளோடு துறையின் கைடு புத்தகமானது. லீட்கோட் போன்ற தளங்கள் ஆயிரக்கணக்கான புதிர்களை அடுக்கிக் கடை விரித்தன.

பெரிய நிறுவனங்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்களுக்கு விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வருகின்றன. பத்து நல்லவர்களை இழந்தாலும் பதினோராவது நல்லவர் வரிசையில் நிற்பார். "நல்ல ஆள் தவறிப்போனா பரவால்ல, மோசமான ஆள் உள்ளே வந்துடக் கூடாது" என்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். பெருங்குடியில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்துக்கு என்ன கேடு? ஓர் இடத்துக்கு ஒழுங்காக இருபது பேர் விண்ணப்பித்தாலே பெரிது. அவர்களும் அதே ஐந்து சுற்று வைக்கிறார்கள், அதே புதிரைக் கேட்கிறார்கள், "எங்களுக்கு ஆளே கிடைக்கல சார்" என்று மேடைக்கு மேடை புலம்புகிறார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. புலிக்காவது வரி பிறவியிலேயே இருக்கிறது. பூனைக்குத் தோல்தான் வெந்துபோகிறது.

புலியும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. ஹோம்ப்ரூ என்று ஒரு கருவி. மேக் கணினியில் வேலை செய்யும் நிரலாளர்கள் பெரும்பாலும் அது இல்லாமல் நாளைத் தொடங்க மாட்டார்கள். அதை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், தன் கருவியைக் கூகுளின் பொறியாளர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தியும், ஒயிட்போர்டில் பைனரி ட்ரீயைத் திருப்பத் தெரியாததால் தன்னை நிராகரித்துவிட்டார்கள் என்று 2015-இல் ட்விட்டரில் கொதித்தார். அவரை எடுத்திருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். லட்சம் பேர் நம்பிப் பயன்படுத்தும் ஒரு பொருளைச் செய்து காட்டியவரிடம், அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு ட்ரீயைத் திருப்பச் சொல்லத் தோன்றுகிறதே, அந்த மனநிலை எனக்கு விளங்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். இங்கே புதிரோடு இன்னொரு வியாதியும் சேர்ந்துகொள்கிறது. ஜாவா நேர்காணலுக்குப் போனவர்களைக் கேளுங்கள். "ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்யுது?" என்ற கேள்வி வராத நாள் கிடையாது. பதிலும் எல்லோருக்கும் தெரியும். ஆரம்பக் கொள்ளளவு 16. முக்கால் பங்கு, அதாவது 0.75 நிரம்பினால் இரட்டிப்பாகும். ஜாவா 8-க்குப் பிறகு ஒரே பெட்டியில் எட்டுக்கு மேல் சேர்ந்தால் அது ட்ரீயாக மாறும். சமச்சீர் பாடப் புத்தகத்தின் பெட்டிச் செய்தியை ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்கிறார்கள். பத்தாவதில் கோனார் உரை, பன்னிரண்டாவதில் 'முக்கிய வினாக்கள்', கல்லூரியில் பத்து வருட வினாத்தாள், இப்போது 'டாப் ஐம்பது ஜாவா கேள்விகள்'. நாம் படித்து வந்த முறையைத் தப்பாமல் அலுவலகத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம்.

கேட்பவர் மட்டும் என்ன பயிற்சி பெற்றா வருகிறார்? மதியம் இரண்டே முக்காலுக்கு மேனேஜரிடமிருந்து செய்தி வரும்: "மூணு மணிக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு, எடுத்துடறீங்களா?" கேண்டிடேட் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இரண்டு நிமிடத்தில்தான் ரெஸ்யூமேயைத் திறப்பார். அடுத்த நிமிடம் இணையத்தில் கேள்வியைத் தேடுவார். விடையும் அங்கேயே இருக்கும். அந்த விடையிலிருந்து கேண்டிடேட் விலகினால், விலகியது சரியா தப்பா என்று சொல்ல இவருக்கே தெரியாது. ஒரு குடும்பத்தின் அடுத்த ஐந்து வருட வருமானம் இந்தத் தயாரிப்பின்மேல் நிற்கிறது.

நேர்காணல் எடுக்கும் சூரர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். பைனரி சர்ச் என்பது வரிசையாக அடுக்கிய பட்டியலில் ஒன்றைத் தேடும் முறை. நடுவில் பார், பாதியை ஒதுக்கு, மீதியின் நடுவில் பார். இதைவிட எளிய அல்காரிதம் பாடத்திட்டத்தில் இல்லை. ஜான் பென்ட்லி, தொழில்முறை நிரலாளர்களிடம் இதை எழுதச் சொல்லி ஓரிரு மணி நேரம் கொடுத்தபோது பத்தில் ஒன்பது பேர் எழுதியதில் பிழை இருந்தது என்று 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலில் எழுதினார். பிறகு சரியான வடிவத்தை அவரே எழுதி, அது சரி என்று நிரூபித்தும் காட்டினார். நூல் வெளியாகி இருபது வருடம் கழித்து, 2006-இல், ஜாஷுவா ப்ளாக் ஒன்றைச் சொன்னார்: நிரூபிக்கப்பட்ட அந்த வடிவத்திலும் பிழை இருக்கிறது. அதே பிழை, ப்ளாக் ஜாவாவுக்காக எழுதிய நூலகத்திலும் சுமார் ஒன்பது வருடம் ஒளிந்துகிடந்தது. நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டும்போது, பட்டியல் சுமார் 107 கோடி உறுப்புகளைத் தாண்டினால் கூட்டுத்தொகை எண்ணின் எல்லையை மீறி மைனஸுக்குப் போய்விடும். யாரோ ஒருவரின் நிரல் உடைந்து, அவர் புகார் கொடுத்து, அதற்குப் பிறகுதான் ப்ளாக்குக்கே தெரியவந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள், உடைந்த நிரலோடு உட்கார்ந்து, "என் தப்பு இல்லன்னா பின்னே எங்கே?" என்று துழாவித் துழாவி ஜாவாவின் நூலகம் வரை போன அந்தப் பெயர் தெரியாத பொறியாளர். நமக்கு வேண்டியவர் அவர்தான். நம் நேர்காணலில் அவரைக் கண்டுபிடிக்க ஒரு கேள்விகூடக் கிடையாது.

"பிரஷர்ல எப்படி யோசிக்கிறாங்கன்னு பாக்கறோம்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். சிலர் வழக்கம்போல ஒருவர் முன்னால் ஒயிட்போர்டில் எழுதி, யோசிப்பதை வாய்விட்டுச் சொன்னார்கள். மற்றவர்கள் தனி அறையில், யாரும் பார்க்காமல் எழுதினார்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது மதிப்பெண் பாதிக்கும் கீழே போனது. பார்வையாளர் இருந்த அறையில் ஒரு பெண்கூடத் தேறவில்லை. தனி அறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். 48 பேர் சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனாலும் நாம் அளப்பது மேடைக் கூச்சத்தையா நிரல் அறிவையா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க அது போதும்.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு பேனலில் இருந்தேன். வந்தவருக்கு ஒன்பது வருட அனுபவம். குழந்தைக்காக நடுவில் மூன்று வருட இடைவெளி. அதற்கு முன் மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரித்தவர். என் சுற்றில், மாதக் கடைசியில் மட்டும் தொகை தப்பாக வரும் ஒரு கோளாறை விவரித்து "எங்கே ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் அவர் என்னை மூன்று கேள்வி கேட்டார். எல்லா ஊரிலுமா, ஓர் ஊரில் மட்டுமா? தப்பு எப்போதும் ஒரே பக்கமா, கூடியும் குறைந்தும் வருகிறதா? கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அந்த மூன்று கேள்வியிலேயே பாதி கோளாறு பிடிபட்டுவிட்டது. அடுத்த சுற்றில் அவரிடம் கிராஃப் புதிர் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். உறைந்துபோய்விட்டார். மாலையில் பேனல் கூடியது.

"டிஎஸ்ஏ ரொம்ப வீக்."

"நம்ம புராஜெக்ட்ல கிராஃப் எங்கே இருக்கு?"

"இல்லதான். ஆனா ப்ராப்ளம் சால்விங் தெரியணும்ல?"

"என் ரவுண்டுல பண்ணது என்ன பின்னே?"

"அது எக்ஸ்பீரியன்ஸ்ங்க. பாரைக் குறைக்க முடியாது."

'பார்' என்றால் தகுதிக்கோடு. கோளாறைக் கண்டுபிடிப்பது வெறும் அனுபவமாம், புதிரைக் கண்டுபிடிப்பதுதான் திறமையாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்த இடம் மேலும் இரண்டு மாதம் காலியாகவே கிடந்தது.

அந்தப் 'பாரை'த் தாண்ட என்ன விலை? எல்லோரும் சொல்லும் கணக்கு, தினமும் இரண்டு மணி நேரம், மூன்று மாதம். ஏறக்குறைய 180 மணி நேரம். துரைப்பாக்கத்தில் நான்கு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, ஹோட்டலில் சாப்பிடும் இருபத்துநாலு வயதுப் பையனுக்கு அது கிடைக்கும். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, ஓ.எம்.ஆர். நெரிசலில் போய்வந்து, இரவு அமெரிக்காக்காரனோடு மீட்டிங்கும் பேசும் பெண்ணுக்கு அந்த 180 மணி நேரம் எங்கிருந்து வரும்? வயதான அப்பாவை டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை கூட்டிப்போகும் ஆணுக்கும் வராது. நாம் திறமையின் குறுக்கே கோடு போடுவதாக நினைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தின் குறுக்கே கோடு போடுகிறோம்.

இன்னொரு கோடும் இருக்கிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் 'கம்யூனிகேஷன்' என்று ஒரு கட்டம். அதன் பொருள், எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்கிறாரா என்பது. நடைமுறையில், இங்கிலீஷ் எப்படிப் பேசுகிறார் என்பது. புதிரை விடுவிக்க வேண்டும், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கேட்பவர் மதுரைக்காரர், பதில் சொல்பவர் விருதுநகர்க்காரர், இருவரும் இங்கிலீஷில் தடுமாறிக்கொண்டிருப்பார்கள். வேலையில் சேர்ந்த மறுநாள் இதே இருவரும் டீக்கடையில் நின்று, "அந்த ஏபிஐ ஏன்டா இப்படித் திரும்ப வருது?" என்று தமிழில்தான் கோளாறைப் பேசப்போகிறார்கள்.

2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. அப்படிச் சேர்ந்த முதல் அணி 2025-இல் நான்காண்டுப் படிப்பை முடித்து வெளியே வந்தது. பெரும்பாலும் தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்களைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர ஒரு சட்டம் தேவைப்பட்டது. நம் வாசலில் அவர்களை நிறுத்தித் திருப்பி அனுப்ப, படிவத்தில் ஒரு கட்டமும் "கம்யூனிகேஷன் ஓகே இல்ல" என்ற ஒரு வரியும் போதுமாக இருக்கிறது.

இப்போது மறுப்புகள். மூன்று வரும், மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

முதலாவது: "நிறைய பேருக்கு நிரல் எழுதவே தெரியல சார், எப்படி வடிகட்டறது?" உண்மை. இம்ரான் கோரி 2007-இல் ஃபிஸ்பஸ் என்ற சிறு கேள்வியைப் பிரபலமாக்கினார். ஒன்றிலிருந்து நூறு வரை எண்களை அச்சிடு. மூன்றின் மடங்குக்கு ஃபிஸ், ஐந்தின் மடங்குக்கு பஸ், இரண்டுக்கும் பொதுவானால் ஃபிஸ்பஸ். அனுபவசாலிகள் என்று வந்தவர்களே இதில் தடுமாறியதாக எழுதினார். அதனால் வடிகட்டுங்கள், தாராளமாக. பத்து நிமிடக் கேள்வி போதும். நீச்சல் தெரியுமா என்று பார்க்கக் குளத்தில் இறக்கலாம், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. "புதிராவது பரவாயில்லை. எந்தக் கல்லூரி, யாருடைய சிபாரிசு என்று பார்த்த காலத்தைவிட இது நியாயம். சின்ன ஊர்க் கல்லூரியில் படித்தவன் ராப்பகலாக லீட்கோட் போட்டு மேலே வர முடிகிறதே." ஆமாம், முடிகிறது. அப்படி வந்தவர்களை நானும் அறிவேன், அவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் தேர்வையே எடுத்துவிட்டு "சும்மா பேசிப் பார்ப்போம்" என்பவர்களோடு நான் சேர மாட்டேன். சும்மா பேசிப் பார்த்தால், நம்மைப் போலவே பேசுபவரைத்தான் நமக்குப் பிடிக்கும். பொதுவான தேர்வு இருக்கட்டும், வேலையோடு தொடர்புள்ள தேர்வாக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ராப்பகலாக உழைக்கத் தயாராக இருக்கும் அந்தப் பையன், நாளைய வேலைக்கு உதவும் ஒன்றில் அந்த உழைப்பைப் போட்டால் அவனுக்கும் லாபம், நமக்கும் லாபம்.

மூன்றாவது: "வேறு எந்த முறையும் இதைவிட நல்லது என்று யார் சொன்னது?" நூறாண்டாக ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையின் ஒரு துண்டையே செய்துகாட்டச் சொல்லும் சோதனை முதல் வரிசையில் இருந்தது. 2022-இல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்குகளைத் திருத்தி, பெரும்பாலான எண்களைக் கீழே இறக்கினார்கள். வேலைத் துண்டுச் சோதனைக்கு 0.33 கிடைத்தது. முதலிடத்துக்கு வந்தது கட்டமைத்த நேர்காணல், அதாவது எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே எழுதிய மதிப்பெண் முறை: 0.42. மனம்போன போக்கில் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. முழுமையான கணிப்புக்கு 1 என்று வைத்துக்கொண்டால் எந்த முறையும் ஜோசியம் இல்லை என்று புரியும். ஆனால் 0.19-க்கும் 0.42-க்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்துக்கு ஆகும் செலவு ஒரு தாளும் அரை மணி நேர யோசனையும்.

சரி, அப்போ என்னதான் பண்ணலாம்? சொல்கிறேன்.

முன்னூறு வரியில் ஒரு சின்ன பில்லிங் நிரல் எழுதி வையுங்கள். அது ஓட வேண்டும், ஆனால் மூன்று கோளாறு இருக்க வேண்டும். ஒன்று, பணத்தைத் தசம எண்ணாக வைத்துக் கூட்டுவது. கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஆயிரம் பில்லில் பைசா கணக்கு இடிக்கும். இரண்டு, நேரக் கோளாறு. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஒன்றாம் தேதி அதிகாலை நான்கு மணிக்கு வாங்கியது போன மாதக் கணக்கில் விழும். மூன்று, பணம் எடுக்கும் அழைப்புக்குப் பதில் வராவிட்டால் மறுபடி முயல்வது. பணம் போய்விட்டது, பதில் மட்டும் வரவில்லை என்றால்? யுபிஐயில் காசு போயும் கடைக்காரருக்கு வராமல் நின்ற எல்லோருக்கும் இதன் வலி தெரியும்.

இதைக் கொடுத்து, அவருக்குப் பழகிய கருவிகளோடு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். முதல் ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள். கடைசி அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தீர்கள், ஏன் என்று கேளுங்கள். இருவருக்கும் தமிழ் வந்தால் தமிழில் பேசுங்கள். மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. முதலில் ஓட்டிப் பார்த்தாரா, பிழைச் செய்தியை முழுசாகப் படித்தாரா, ஊகத்தைச் சோதித்தாரா, தெரியாததைத் தெரியாது என்றாரா, திருத்தியபின் சரியாகிவிட்டதா என்று பார்த்தாரா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அந்தத் தாளை நேர்காணலுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பேனல் கூடிப் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வாய் திறப்பவரின் கருத்துதான் எல்லோருடைய கருத்தாகவும் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. 'வீட்டுல செஞ்சு கொண்டு வாங்க' என்று சனி ஞாயிறை விழுங்கும் வேலையைக் கொடுத்துவிட்டு, இதுதான் வேலைத் துண்டுச் சோதனை என்று சொல்லாதீர்கள். அது கூலியில்லாத வேலை. மேலே சொன்ன அதே பெண்ணும் அதே ஆணும் மறுபடி வெளியே நிற்பார்கள்.

செயற்கை நுண்ணறிவையும் சொல்லாமல் முடிக்க முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பின் வந்த இந்த ரகக் கருவிகள், லீட்கோட்டில் கிடைக்கும் வழக்கமான புதிர்களைச் சில நொடிகளில் விடுவிக்கின்றன. உடனே நம்மவர்கள் போலீஸ் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். கேமராவைச் சுற்றிக் காட்டு, ஸ்கிரீனைப் பகிர், கண் ஏன் அந்தப் பக்கம் போகுது? யாரும் ஒரு எளிய கேள்வியைக் கேட்கவில்லை: நொடியில் இயந்திரம் செய்துவிடும் ஒன்றை, மனிதருக்குச் சம்பளம் கொடுப்பதற்கான அளவுகோலாக ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்? இன்று வேலையில் இயந்திரம் எழுதித் தருவதைப் படித்து, இதை நம்பலாமா என்று முடிவு செய்பவர்தான் தேவை. நான் சொன்ன பில்லிங் நிரலை அதனிடம் கொடுத்துக்கொள்ளட்டுமே. அது பத்துத் திருத்தம் சொல்லும். அதில் எதை ஏற்றார், எதைத் தள்ளினார், ஏன் என்று கேளுங்கள். அந்த உரையாடலில் யாரும் அதிக நேரம் நடிக்க முடியாது.

இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியாததல்ல. பின்னே ஏன் மாறவில்லை? கல்லூரியில் ராகிங் ஏன் அத்தனை காலம் நீடித்ததோ அதே காரணம்தான். "நான் பட்டேன், நீயும் படு." இரவெல்லாம் கண் விழித்து 400 புதிர் போட்டு உள்ளே வந்தவருக்கு, அந்த 400-க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று ஒத்துக்கொள்வது கஷ்டம். அது தன் தகுதியையே கேள்வி கேட்பதுபோல் இருக்கும். ஐயா, உங்கள் தகுதியை யாரும் சந்தேகப்படவில்லை. நீங்கள் இன்றைக்கு நல்ல பொறியாளராக இருப்பது, வேலைக்கு வந்தபிறகு உடைந்த நிரல்களோடு நீங்கள் கழித்த ராத்திரிகளால்.

அடுத்த வாரம் உங்களுக்கு ஒரு நேர்காணல் இருக்கும். இரண்டே முக்காலுக்குச் செய்தி வந்தால், "நாளைக்கு எடுக்கறேன், அரை நாள் டைம் கொடுங்க" என்று சொல்லுங்கள். போன மாதம் உங்கள் டீமை மூன்று நாள் அலைக்கழித்த கோளாறை எடுத்து, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கி, ஒரு பக்கத்துக்குச் சுருக்குங்கள். நல்ல பதிலில் என்னென்ன இருக்கும் என்று ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். வருபவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து, "எங்கே ஆரம்பிப்பீங்க?" என்று கேளுங்கள். இதற்கு நிறுவனத்தின் கொள்கை மாற வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.